பள்ளம் விழுந்த வளைகோடு

அன்புள்ள செல்வம்,

நலம்தானே? சோப்பு போன்ற சோடியம் டோடெசில் சல்ஃபேட்டின் செறிவு கூடக்கூட நீரின் பரப்பு இழுவிசை எப்படி மாறுகிறது என்று நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். 7 மில்லிமோலார் பக்கம் பரப்பு இழுவிசை மளமளவென்று இறங்கி, அப்புறம் ஏறி 38 மில்லிநியூட்டன்/மீட்டரில் நிற்கிறதே, அது கருவியின் கோளாறு இல்லை. உன் சோடியம் டோடெசில் சல்ஃபேட்டில் டோடெக்கனால் (அதே 12 கார்பன் வாலுள்ள ஆல்கஹால்) கலந்திருக்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே இந்தப் பள்ளம் விழும். புட்டியின் மேல் 99 விழுக்காடு என்று எழுதியிருப்பதை நம்பிப் பயனில்லை.

இந்த மூலக்கூறுக்கு நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் உண்டு. சல்ஃபேட் தலைகள் எல்லாம் ஒரே மின்சுமை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். டோடெக்கனாலின் தலைக்கு மின்சுமை கிடையாது. அதனால் நீர்ப்பரப்பில் அந்தத் தலைகளின் இடைவெளியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடுக்கு நெருக்கமாகி, இழுவிசை அளவுக்கு மீறி இறங்குகிறது. மைசெல்கள், அதாவது வால்கள் உள்ளேயும் தலைகள் வெளியேயுமாகக் கூடும் மூலக்கூறுத் திரள்கள், தோன்றத் தொடங்கும் செறிவுக்குச் சி.எம்.சி. என்று பெயர் (25 டிகிரியில் சுமார் 8.2 மில்லிமோலார்). அதைத் தாண்டி மைசெல்கள் உருவானதும் அவை டோடெக்கனாலைத் தம் எண்ணெய்த்தன்மையுள்ள வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். பரப்பில் அது குறைய, இழுவிசை மறுபடி ஏறும். சுத்தமான பொருளில் கோடு இறங்கி மட்டமாகும், அவ்வளவுதான்.

சூடான எத்தனாலில் கரைத்து இரண்டு மூன்று முறை மறுபடிகமாக்கி, வெற்றிடத்தில் உலர்த்து. எத்தனை முறை என்பதைப் பள்ளம் மறைவதை வைத்தே முடிவு செய். 100 மில்லிக்கு 1.154 கிராம் எடுத்தால் 40 மில்லிமோலார் மூலக்கரைசல் கிடைக்கும். அதை வாரக்கணக்கில் வைத்திருக்காதே. நீராற்பகுப்பில் டோடெக்கனாலோடு அமிலமும் உண்டாகிறது, அந்த அமிலம் அதே சிதைவை இன்னும் வேகமாக்கும். குளிர்பெட்டியிலும் வேண்டாம். 4 டிகிரியில் படிகமாகி அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை எடுத்து அளந்தால் உன் செறிவுக் கணக்கு முழுக்கத் தப்பு. தொடங்கும் முன் வெறும் நீரை அளந்து பார், 25 டிகிரியில் 72.0 மில்லிநியூட்டன்/மீட்டர் வராவிட்டால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடு.

நீர்ப்பரப்பில் ஒரு மூலக்கூறு பிடிக்கும் இடம் 0.23 சதுர நானோமீட்டர் என்று போட்டிருக்கிறாய். நிமிர்ந்து நிற்கும் ஹைட்ரோகார்பன் வாலின் குறுக்குவெட்டே கிட்டத்தட்ட 0.2. ஒன்றையொன்று தள்ளும் தலைகள் அவ்வளவு நெருங்கி நிற்க வழியில்லை. இழுவிசைக் கோட்டின் சரிவிலிருந்து அந்த இடத்தைக் கணக்கிடும் கிப்ஸ் சமன்பாட்டில் 2-ஐ விட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன். உப்புச் சேர்க்காத கரைசலில் சோடியமும் கணக்கில் வரும், ஆகவே RT (வாயு மாறிலி × வெப்பநிலை) அல்ல, 2RT. அதைப் போட்டால் 0.46 வருகிறது, அது நம்பக்கூடிய எண். ஆனால் சரிவைப் பள்ளத்தின் இறக்கத்தில் எடுத்திருந்தால் இதற்கும் மதிப்பில்லை, புதுக் கரைசலில் மறுபடி எடு.

அடுத்து, திடப்பரப்பில் மூலக்கூறுகள் எப்படி அடுக்குகின்றன என்று அணுவிசை நுண்ணோக்கியில் (நுண்ணிய ஊசியால் பரப்பைத் தடவிப் படமெடுக்கும் கருவி) பார்க்கப்போவது. இதற்கு நேர்மின்சுமைத் தலையுள்ள பொருள் வேண்டும். 16 கார்பன் வாலுள்ள சிடேப் (CTAB) 25 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே போனாலே படிகமாகும். குளிர்சாதன அறையில் அதோடு மல்லுக்கட்டாதே. 14 கார்பன் வாலுள்ள டிடேப் (TTAB) எடு: 50 மில்லிக்கு 0.118 கிராம், அதாவது 7 மில்லிமோலார், அதன் சி.எம்.சி.யைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு.

இதே கரைசல் கிராஃபைட்டில் அரை உருளைகளாகவும், மைக்காவில் முழு உருளைகளாகவும், சிலிக்காவில் உருண்டைகளாகவும் அடுக்கும். 1995-இல் மானே, கௌப் என்ற ஆய்வாளர்கள் காட்டியது இது. மூலக்கூறு ஒன்றேதான், உருவத்தை மாற்றுவது அடித்தளம். மைக்காவில் சுமார் 0.48 சதுர நானோமீட்டருக்கு ஓர் எதிர்மின்சுமை உண்டு. அது தலைகளை நெருக்கி இழுப்பதால் தலைக்கான பரப்பு குறைகிறது, அடுக்கு எண் (வாலின் பருமனை, தலையின் பரப்பு × வாலின் நீளம் என்பதால் வகுத்தது) மூன்றில் ஒன்றிலிருந்து பாதியை நோக்கி நகர்கிறது. உருண்டை உருளையாவது அதனால்தான். சிலிக்காவில் மின்சுமைகள் தள்ளித்தள்ளி இருக்கின்றன, உருண்டை உருண்டையாகவே நின்றுவிடும். கிராஃபைட்டின் கதை வேறு. வால்கள் அதன் படிக அச்சுகளை ஒட்டிப் படுத்துவிடும், அரை உருளைகளின் வரிகள் அவற்றுக்குக் குறுக்கே ஓடும். படத்தில் வரிகள் 60 டிகிரிக் கோணத்தில் திரும்பினால் பயப்படாதே, அது நல்ல அறிகுறி.

ஊசியை அழுத்தினால் அடுக்கைக் கிழித்துக்கொண்டு போய் வெறும் மைக்காவின் அணுவரிசையைக் காட்டும். தூக்கினால் ஒன்றுமே தெரியாது. விலக்குவிசை எழும்பி, ஊசி உள்ளே குதிப்பதற்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும். அங்கே ஊசியின் விசை ஒரு நானோநியூட்டனுக்கும் குறைவு.

டிடேப்பின் இழுவிசையை மட்டும் பிளாட்டினத் தட்டில் அளக்காதே. அதன் நேரயனி (நேர்மின்சுமையுள்ள பகுதி) தட்டில் ஒட்டி அதை நீர் ஒட்டாததாக்கும், தொடுகோணம் பூச்சியமாக இராது, அளவு குறைத்துக் காட்டும். தொங்கும் துளியின் வடிவத்திலிருந்து இழுவிசையைக் கணக்கிடும் தொங்கு துளி முறை போதும்.

மறுபடிகமாக்கிய பிறகு வரும் வளைகோட்டை அனுப்பு. அதிலும் பள்ளம் இருந்தால் குடுவைகளை எதில் கழுவினாய் என்றும் சேர்த்து எழுது.

அன்புடன்,
முத்து