பேத்தி பெரியவர்கள் பிரிவுக்கு மாறும்போது

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்குக் கேப் டவுனில் வேலை உறுதியானதை அறிந்து மகிழ்ந்தேன். என் முழங்கால் வலி இப்போது குறைந்திருக்கிறது. மற்றபடி, பேத்தியைப் பற்றி நீ எழுதியதையே இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சிறுவயது முதல் அவளுடைய டைப் 1 நீரிழிவைக் கவனித்துவந்த மருத்துவர், இனிப் பெரியவர்கள் கிளினிக்குக்குப் போகச் சொன்னதும் வீடே கலங்கிவிட்டது என்றாய். நம் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் குழந்தைகள் பிரிவு 12, 13 வயதோடு முடிந்துவிடுகிறது. அதே வயதில் பருவமாற்ற ஹார்மோன்கள் இன்சுலின் வேலை செய்வதைத் தடுப்பதால், ஒழுங்காக ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கும் சர்க்கரை ஏறும். அதை அவளுடைய அலட்சியம் என்று வீட்டில் யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்.

இங்கிலாந்தில் 2016-இல் வந்த தேசிய வழிகாட்டுதல், 13, 14 வயதிலேயே தயாரிப்பைத் தொடங்க வேண்டும் என்றும், பழைய பிரிவை விட்டு விலகும் முன்பே புதிய மருத்துவரைச் சந்திக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்களுக்கு அவ்வளவு அவகாசம் இல்லாவிட்டாலும், இதுவரையிலான சிகிச்சையையும் மருந்தளவுகளையும் எழுதிய கடிதத்தைக் கையில் வாங்காமலும், அடுத்த கிளினிக் தேதி உறுதியாகாமலும் அங்கிருந்து புறப்படாதீர்கள். இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே பிள்ளைகள் வருவதையே நிறுத்திவிடுவதுதான் எனக்குப் பெரிய அச்சம்.

நான் வார்டில் தாதியாக இருந்த காலமெல்லாம், பிள்ளையிடம் கேட்ட கேள்விக்குத் தாய்தான் பதில் சொல்வாள். நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டமோ, 12 வயது நிறைந்து, புரிந்துகொள்ளும் முதிர்ச்சியும் உள்ள பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம் என்கிறது. ஆகவே அடுத்த முறை உன் மருமகள் சிறிது நேரமாவது வெளியே உட்காரட்டும். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கப் பேத்தி ஆசைப்படுகிறாள் அல்லவா? அதை அவளே மருத்துவரிடம் கேட்கட்டும். உணவு குறைந்தாலும், நாள் முழுவதும் வேலை செய்யும் நீண்டநேர இன்சுலினை நிறுத்தக் கூடாது, அளவை மட்டும் மருத்துவர் சொல்படி மாற்ற வேண்டும் என்பதை அவர் வாயிலாகவே கேட்டால், நாம் நூறு முறை சொல்வதைவிட அவள் மனத்தில் அது நன்றாகப் பதியும்.

புதிய கிளினிக்கின் தேதி தெரிந்ததும் எழுது. அவள் கேட்க நினைக்கும் கேள்விகளை எனக்கும் அனுப்பச் சொல், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் தோழி