பால் குடிக்கும்போது வியர்த்த பாப்பா: ஏற்காட்டிலிருந்து ஒரு நன்றி மடல்

மலையிலும் சேலத்திலும் சென்னையிலும் எங்களுக்காக ஓடிய எல்லோருக்கும் வணக்கம்.

ஊருக்கெல்லாம் மனு எழுதித் தருவதுதான் என் பிழைப்பு. ஏற்காட்டில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை. இந்த மடலை மட்டும் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். பாப்பாவுக்கு இப்போது ஒன்றரை வயது. நேற்று கல்லாவில் கைவிட்டுச் சில்லறையை வாரி இறைத்தாள். சரி, இனியும் எழுதாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

முதல் நன்றி எங்கள் அங்கன்வாடி டீச்சருக்கு. போன வருஷம் மார்கழி. பனி இறங்கி எதிர்வீடு தெரியாத காலை. எடை போட வந்தவர், பாப்பா பால் குடித்து முடிக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்களெல்லாம் கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்குகிறோம். பாப்பாவின் நெற்றியில் மட்டும் முத்து முத்தாக வியர்வை. நாலு வாய் உறிஞ்சுவாள், விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள், மறுபடி நாலு வாய். அவள் குடிக்கிற விதமே அப்படி என்று நாங்கள் நினைத்திருந்தோம். டீச்சர் சட்டையை விலக்கி, விலாவுக்குக் கீழே குழி விழுவதைப் பார்த்தார். ஐந்து மாதத்தில் எடை 4 கிலோ 200 கிராம்தான். "இது வெறும் சளி இல்லைங்கண்ணா. இன்னைக்கே கீழே கூட்டிட்டுப் போங்க" என்றார்.

அதற்கு முன் ஒரு கிளினிக்கில் மூன்று தடவை காட்டியிருந்தோம். மூன்று தடவையும் சளி மருந்துதான். அந்த டாக்டரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆனாலும் ஒரு தடவையாவது ஸ்டெதஸ்கோப்பைச் சட்டைக்கு உள்ளே வைத்திருக்கலாம்.

ஜீப் ஓட்டும் மாமா இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பாப்பாவின் தூக்கம் கலையாமல் இறக்கினார். டீசல் காசை நீட்டியதற்கு இன்றுவரை கோபம்.

சேலம் பெரியாஸ்பத்திரியில் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் ஓட்டை. உடம்புக்குப் போகவேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு அந்த வழியாக நுரையீரலுக்கே திரும்புகிறது. அதனால்தான் மூச்சிரைப்பு, ஓயாத சளி. சின்ன ஓட்டை என்றால் பெரும்பாலும் தானாகவே அடைபடும், இது பெரிது. வருஷக்கணக்கில் விட்டால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகிவிடும், அப்புறம் ஆபரேஷனும் செய்ய முடியாது என்றார். ஆயிரம் குழந்தை பிறந்தால் எட்டு ஒன்பது பேருக்கு இதயத்தில் ஏதாவது பிறவிக் குறை இருக்குமாம். எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த சாபம் என்று அழுதுகொண்டிருந்த என் மனைவி, அதைக் கேட்டுத்தான் நிமிர்ந்தாள். பாலைப் பீய்ச்சி, பாலாடையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்கப் பழக்கிய நர்சம்மாவை மறக்கமாட்டோம். அடுத்த மூன்று மாதத்தில் ஏறிய எடை அவர் கைப்பழக்கத்தில் ஏறியது.

இனி என் வெட்கக்கேடு. 2008-இல் இளம் சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டம் வந்தபோதும், 2012-இல் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகும், ஊரில் எத்தனையோ பேருக்கு விண்ணப்பம் நிரப்பியிருக்கிறேன். என் குடும்பத்துக்கு மட்டும் அட்டை எடுக்கவில்லை! வருமானச் சான்றுக்கு உடனே கையெழுத்துப் போட்ட வி.ஏ.ஓ.வுக்கும், கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்தில் திறந்த டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டு எங்களைப் போட்டோ எடுத்த தம்பிக்கும் கும்பிடு.

பங்குனியில் சென்னையில் ஆபரேஷன். இதயத்தை நிறுத்திவைத்து, ரத்த ஓட்டத்தை ஒரு இயந்திரம் பார்த்துக்கொள்ள, ஓட்டைக்கு ஒட்டுப்போட்டுத் தைத்தார்கள். சர்ஜனோடு பேசியது மொத்தமே பத்து நிமிஷம். ஆனால் அந்த இயந்திரத்துக்கென்றே ஒருவர், மயக்க மருந்துக்கு ஒருவர், முதல் ராத்திரி முழுக்கக் கட்டிலை விட்டு நகராத நர்ஸ் ஒருவர். ரத்தம் கொடுக்கத் தாம்பரத்திலிருந்து ரயில் பிடித்து வந்தார்கள் சேலத்துப் பிள்ளைகள் நாலு பேர். அதில் ஒருவனின் மார்க்ஷீட்டை நான் எப்போதோ ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேனாம்.

பக்கத்துக் கட்டிலில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு தாய். அவர் நாட்டில் வெளிநாட்டு டாக்டர்கள் எப்போதாவது வந்து, ஒரு வாரம் ஆபரேஷன் செய்துவிட்டுப் போவார்களாம். காத்திருக்கும் பிள்ளைகளின் பட்டியல் அப்படியே கிடக்குமாம். எங்களுக்கு முன்னூற்றுச் சொச்சம் கிலோமீட்டரே மலைப்பாக இருந்தது, அவர் கடல் தாண்டி வந்திருந்தார். அந்த நாட்டு நர்ஸ் ஒருவரும் அதே ஐ.சி.யூ.வில் பயிற்சியில் இருந்தார். பாப்பாவின் மானிட்டரைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். ஆபரேஷன் முடிந்த குழந்தையை விடிய விடியப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த கை ஊரிலேயே இருந்தால், அடுத்த தாய் விமானம் ஏறவேண்டாமே! அவருக்கும் என் வணக்கம்.

கடையைப் பார்த்துக்கொண்ட டீக்கடை அண்ணனுக்கும், மூத்தவனைப் பள்ளிக்கு அனுப்பிய அத்தைக்கும் நேரிலேயே சொல்லியாயிற்று.

காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பம் எழுத வருகிறவர்களிடம் இனி கடையில் காசு வாங்குவதில்லை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்து வாருங்கள். ஞாயிறு மட்டும் கடை லீவு.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா