தீபாவளி விடுமுறையை முன்னிட்டுப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். தீபாவளி விடுமுறைக்கு இன்னும் ஒரு வாரமே இருக்கும் நிலையில், வழக்கமான சுற்றறிக்கையோடு இக்கடிதத்தையும் உங்கள் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சென்ற ஆண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், ஐந்தாம் வகுப்பில் ‘நான் கொண்டாடிய தீபாவளி’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தோம். ஒரு மாணவன் நான்கே வரிகள் எழுதியிருந்தான். “அப்பா ராத்திரி பதினொரு மணிக்குத் துணிப்பையோடு வந்தார். அம்மா எவ்வளவு ஆச்சு என்று கேட்டார். அப்புறம் ரெண்டு பேரும் பேசவில்லை. எனக்குச் சட்டை சரியாக இருந்தது.” கடைசி வரியை அவன் ஒருமுறை அழித்துவிட்டு மீண்டும் எழுதிய தடம் தாளில் தெரிந்தது. வகுப்பாசிரியர் அதற்கு மதிப்பெண் இடாமல் என் மேசைக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்தக் குடும்பத்தின் ஒப்புதலோடுதான் இதை இங்கே எழுதுகிறேன். அவர்களைப் போன்ற அன்பான பெற்றோரை நான் அதிகம் பார்த்ததில்லை.

போனஸ் எப்போது வரும் என்று தெரியாமல் கடைக்குப் போவதும், தீபாவளிச் சீட்டுப் பணம் போதாமல் கைமாற்று வாங்குவதும், 60 நாள்களுக்கு முன்பே காத்திருந்தும் ரயிலில் இடம் கிடைக்காமல் கிளாம்பாக்கத்தில் பிள்ளைகளோடு நள்ளிரவு வரை பேருந்துக்கு நிற்பதும் எவ்வளவு பெரிய அலைச்சல் என்பதை நான் அறிவேன். என் பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது நானும் அப்படி நின்றிருக்கிறேன். அந்த எரிச்சலை அவர்கள்மீது காட்டியும் இருக்கிறேன். வீட்டில் பணத்துக்கு நெருக்கடி என்பதை நாம் சொல்லாவிட்டாலும் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள். காரணம் தெரியாதபோது, தங்களால்தான் இந்தச் சண்டை என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆகவே, “இந்த வருஷம் இவ்வளவுதான் செலவு செய்ய முடியும், அதில் உனக்கு எது வேண்டும், சொல்” என்று முன்கூட்டியே அவர்களோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கும் அது புரியும். தன்னிடமும் கேட்டார்கள் என்ற பெருமிதமும் அதற்குக் கிடைக்கும்.

பலகாரம் செய்யும்போது அவர்களை அடுப்படியிலிருந்து விரட்டாமல், கொஞ்சம் நேரமானாலும் பரவாயில்லை என்று அருகில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதிரசத்துக்குக் காய்ச்சும் பாகில் ஒரு சொட்டைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு, அது கரையாமல் உருண்டையாகத் திரள்கிறதா என்று விரலால் உருட்டிப் பார்க்கும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். பிசைந்த மாவு ஓரிரு நாள் காத்திருக்க வேண்டும் என்பதையும் அவர்கள் அப்படித்தான் கற்றுக்கொள்வார்கள். விடியற்காலையில் பாட்டி தலையில் எண்ணெய் வைத்து அழுத்தித் தேய்ப்பதையும், வாயில் திணிக்கும் லேகியத்தின் காரத்தையும் எங்கள் மாணவர்கள் கட்டுரைகளில் ஆண்டுதோறும் எழுதுகிறார்கள். துணியின் விலையை இதுவரை எந்தப் பிள்ளையும் எழுதியதில்லை.

பட்டாசைப் பொறுத்தவரை, 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் நம் மாநிலத்தில் காலை 6 முதல் 7 மணி வரையும் இரவு 7 முதல் 8 மணி வரையும் மட்டுமே வெடிக்க அனுமதி வழங்கப்பட்டு வருகிறது. அந்த நேரத்தில் பெரியவர் ஒருவர் கட்டாயம் உடன் இருக்க வேண்டும்.

விடுமுறைக்கு வீட்டுப்பாடம் எதுவும் தரக்கூடாது என்று எல்லா ஆசிரியர்களிடமும் கூறியிருக்கிறேன். மேலும், பள்ளி திறக்கும் நாளில் பிள்ளைகள் புத்தாடையில் வரும் வழக்கத்தை இவ்வாண்டு முதல் நிறுத்துகிறோம். அன்று அனைவரும் சீருடையிலேயே வர வேண்டும். சில பிள்ளைகளுக்கு இது வருத்தமாக இருக்கும் என்பது தெரிந்தும், கடன் வாங்கியாவது இரண்டாவது செட் எடுக்க வேண்டிய நிலை எந்த வீட்டுக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இம்முடிவை எடுத்தோம்.

மனப்பாரம் அதிகமாக இருப்பவர்கள் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். என்னிடம் பேச விரும்புவோருக்காக விடுமுறை தொடங்கும் வரை தினமும் மாலை 4.30 மணிக்கு மேல் என் அறையில் காத்திருப்பேன். முன் அனுமதி பெறத் தேவையில்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்