கட்டை விரல்

அன்புள்ள சேகருக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை.

டிசம்பரில் லீவில் வரும்போது "அவனைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றாய். அந்த வார்த்தைக்கு ராயபுரத்தில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். அவனிடம் 2 லட்சம் போனதில் எனக்கும் வயிறு எரிகிறது. உன் கூட்டாளி என்று அவனை உட்காரவைத்துச் சோறு போட்டவர்கள் நாங்கள்.

போன ஞாயிறு உன் தங்கை மகன் ஒரு சீனப் படம் போட்டுக் காட்டினான். 'ஃபியர்லெஸ்', 2006இல் வந்தது, ஜெட் லீ நடித்தது. ஹுவோ யுவான்ஜியா என்று நிஜமாகவே வாழ்ந்து 1910இல் இறந்துபோன ஒரு வீரரின் கதை. சிஷ்யனை அடித்துவிட்டார்கள் என்று கொதித்துப் போய் எதிராளி வாத்தியாரைக் கொன்றுவிடுகிறார். பதிலுக்கு அவருடைய தாயும் மகளும் போகிறார்கள். கொன்றவனைத் தேடிப் போனால் அவன் தானே உயிரை விடுகிறான். பழிவாங்க ஆளே மிச்சமில்லை. முதல் தப்பு சிஷ்யன்மேல் என்பது அப்புறம்தான் தெரிகிறது. (நிஜத்தில் குடும்பம் இப்படி அழியவில்லையாம். பேரன் கோர்ட்டுக்கே போனாராம். சினிமாக்காரர்களை என்ன சொல்ல!)

பிறகு பித்துப் பிடித்தவர்போல் அலைந்து ஒரு மலைக் கிராமத்தில் ஒதுங்குகிறார். சண்டை இல்லை என்று பையன் எழுந்து போய்விட்டான். நான் அங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மற்றவர்களை முந்த வேண்டும் என்று நாற்றை நெருக்கி நெருக்கி நட்டுத் தள்ளுகிறார். கண் தெரியாத ஒரு பெண் அதையெல்லாம் பிடுங்கி, இடம் விட்டு மறுபடி நடுகிறாள். காற்று வீசினால் ஊரே வேலையை நிறுத்திவிட்டு நிற்கிறது; இவர் மட்டும் குனிந்தபடி நட்டுக்கொண்டிருக்கிறார். அவரும் நிமிர்ந்து காற்றை வாங்குவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கிறது தெரியுமா? கடைசிப் போட்டியில் எதிராளியின் நெஞ்சுக்கு நேராகக் கையைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். அந்த நிறுத்தம் அந்த வயலில் பழகியது என்றுதான் எனக்குத் தோன்றியது.

என் வலது கட்டை விரல் குத்துச்சண்டை மேடையில் உடைந்தது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

எங்கள் காலத்தில் இதற்கு 'ரோசமான குத்துச்சண்டை' என்றுதான் பெயர். குத்துச்சண்டைக் குழுவைப் பரம்பரை என்போம். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று ஒரு பரம்பரையோடு இன்னொரு பரம்பரை மோதும். மணி அடித்த பிறகு ஒருவன் என் கண்ணில் குத்திவிட்டான். பத்து நாள் கழித்துக் கல்மண்டபம் பக்கம் தனியாக வந்தவனை மறித்தேன். கிளவுஸ் இல்லாத கை. அவன் தாடை போனது, என் விரலும் போனது.

கட்டுப் போடப் போனால் வைத்தியர் வீட்டு பெஞ்சில் அவன் உட்கார்ந்திருக்கிறான்! அந்த வைத்தியர் சிலம்ப வாத்தியாரும்கூட. கம்பு சுற்றும் அதே கையால் எலும்பும் கூட்டுவார். எங்கள் இருவரையும் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஒரே கிண்ணத்தில் முட்டை வெள்ளைக்கருவை அடித்து, ஒரே வேட்டியைக் கிழித்து இருவருக்கும் கட்டினார். "அடுத்த செவ்வாய் இரண்டு பேரும் வாருங்கள்" என்றார். நாங்கள் சிநேகிதர்களாகிவிட்டோம் என்று நினைத்துவிடாதே. ஆறு செவ்வாய் அதே பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். ஆனால் ஆறாவது வாரம் எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. எப்போது போனது என்று எனக்கே தெரியாது.

1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியபோது நான் கட்டுக் கையோடு கூட்டத்தில் நின்றேன். ஊரே கைதட்டியது. நான் தொடையில் தட்டினேன். அதன் பிறகு மேடை ஏறவில்லை.

பணத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அவன் எழுதிக்கொடுத்த புரோநோட்டு என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. எழுதிய நாளிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். நமக்கு இன்னும் 14 மாதம் இருக்கிறது. வக்கீலிடம் பேசிவிட்டேன். நீ வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

நேற்றுக் காலை காசிமேட்டில் உன் கூட்டாளியின் அம்மாவைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் கூடையைத் தூக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். நான்தான் கூப்பிட்டு, வஞ்சிரம் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன். சொன்னார். அநியாய விலை.

இப்படிக்கு,
அப்பா