நிலம் திருத்தப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

புதர் மண்டிக் கிடக்கும் நிலம் முழுவதையும் ஜேசிபி வைத்து ஒரே நாளில் வழித்துவிடப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இந்தக் குளிர்காலத்துக்குள் எவ்வளவு இடத்தில் உன்னால் விதைக்கவோ மூடாக்குப் போடவோ (தழை பரப்பி மண்ணை மூடவோ) முடியுமோ, அவ்வளவை மட்டும் திருத்து. மிச்சம் புதராகவே இருக்கட்டும். வெறும் மண்ணாக விட்டால் களை சும்மா விடாது. நிழலில் முளைக்காமல் கிடந்த விதையெல்லாம் வெயில் பட்டதும் கிளம்பும். பார்த்தீனியம் ஒரு செடியே 15,000 விதைக்கு மேல் போடும். அதைப் பூப்பதற்கு முன்னால் பிடுங்கினால்தான் பலன். கையுறை இல்லாமல் தொடாதே, தோலில் அரிப்பும் தடிப்பும் வந்தால் லேசில் போகாது.

காலம் என்னவோ சரியாகத்தான் பார்த்திருக்கிறாய். மண்ணில் ஈரம் இருக்கும்போது வேர் பிடிவாதம் செய்யாமல் வரும், வெட்டுகிற ஆளுக்கும் வெயில் தெரியாது. ஆனால் விடிந்ததும் இறங்கிவிடாதே. குளிரில் பாம்பு மந்தமாகக் கிடக்கும், காலடிச் சத்தம் கேட்டாலும் சட்டென்று விலகாது. வெயில் ஏறட்டும். கம்பால் தட்டிப் பார்த்துவிட்டு, கனமான பூட்ஸ் போட்டுக்கொண்டு போ. கல் குவியலுக்குள் கையை விடவே கூடாது. கொடி படர்ந்து சமதளம் மாதிரி தெரியும் இடத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறு இருக்கலாம். பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொள்ளாமல் அந்தப் பக்கம் போகாதே.

சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் வெட்டாத மாதிரிதான். மண்ணுக்குள் தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்தில் மொட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கும். ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்து கிளம்பும். கவைக்கம்பால் கிளையை அழுத்திக்கொண்டு முதலில் முள்ளைக் கழி. அப்புறம் தூரைச் சுற்றி ஒரு அடி ஆழம் தோண்டி, வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டி எடு. பெரிய தூர்களுக்கு வேண்டுமானால் ஜேசிபி வரட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கோரை இருக்கும் இடத்தில் மட்டும் மண்ணை வெட்டிக் கிளறும் ரோட்டவேட்டர் இயந்திரத்தை ஓட்டவே ஓட்டாதே. ஒரு கோரையை மண்ணோடு தோண்டி எடுத்துப் பார். மேலே நாலு இலைதான் இருக்கும். கீழே கறுப்புக் கிழங்கு ஒன்று, அதிலிருந்து கம்பி போன்ற வேர்த்தண்டு, அதன் முனையில் இன்னொரு கிழங்கு என்று சங்கிலியாகப் போகும். சங்கிலி முழுதாக இருக்கும்வரை பல கிழங்குகள் முளைக்காமல் அடங்கிக் கிடக்கும். இயந்திரம் அதை அறுத்துவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியே முளைக்கும். கடப்பாரையால் நெம்பி, சங்கிலி அறாமல் உருவி, வெயிலில் பல நாள் சருகாகக் காயவிடு. மெதுவான வேலைதான், ஆனால் இதைச் சரியாகச் செய்த பாத்தியில் அடுத்த வருஷம் குனிய வேண்டியிருக்காது.

வெட்டியதை எரிக்காதே தம்பி. தீ பரவும் என்பது ஒரு பக்கம். அந்த மண் திரும்பப் பெற வேண்டியதைச் சாம்பலாக்குவது எனக்கு மனசே ஒப்பவில்லை. விதை கட்டாத தழையை நறுக்கிப் பாத்தியில் பரப்பு. முள்கிளையை ஓரத்தில் அடுக்கினால் ஆடு மாட்டுக்கு வேலி.

இனி தோட்டம். திருத்திய இடத்தில் உடனே முள்ளங்கியும் கொத்தமல்லியும் விதை. குளிர் இரண்டுக்கும் பிடிக்கும், முள்ளங்கி ஒன்றரை மாதத்தில் கைக்கு வரும். வெண்டைக்கு அவசரப்படாதே, குளிரில் விதை முளைக்கவே தயங்கும். தண்ணீரைக் காலையில் மட்டும் விடு. ராத்திரி முழுக்க இலை ஈரமாக இருந்தால் பூஞ்சை நோய் வரும். மண்ணை ஒரு கைப்பிடி அள்ளிப் பிடித்துப் பார், உருண்டையாக நின்றால் அன்றைக்குத் தண்ணீரே வேண்டாம்.

வேலியோர அவரைக் கொடி உயிரோடு இருந்தால் வெட்டிவிடாதே. நாட்டு அவரை பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும், இப்போது அதன் பருவம். பூங்கொத்தில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று தினமும் பார். எறும்பு வரிசையாக ஏறினால் அங்கே அசுவினி இருக்கிறது என்று அர்த்தம். ஆரம்பத்திலேயே விரலால் வழித்து நசுக்கிவிட்டால் மருந்தே தேவையில்லை. அதன் நடுவே கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு முதலைக்குட்டி மாதிரி ஒரு புழு ஊர்ந்தால் தொடாதே. அது பொறிவண்டின் புழு, அசுவினியைத் தின்னத்தான் வந்திருக்கிறது.

வேலை தொடங்கும் முன் கிழக்கு ஓரத்தில் இருக்கும் செடி ஒவ்வொன்றையும் இலை தெரியப் படமெடுத்து எனக்கு அனுப்பு. அதில் யாரோ நட்டு வளர்த்த மரக்கன்றுகளும் இருக்கக்கூடும். பார்த்துச் சொல்கிறேன், அதுவரை அந்தப் பக்கம் அரிவாள் போக வேண்டாம்.

அன்புடன்,
அக்கா