படிவங்களை வடிவமைப்பவர்களுக்கு, காரைக்குடியிலிருந்து ஒரு மடல்

இணைய விண்ணப்பப் படிவங்களை உருவாக்கும் மென்பொருள் நண்பர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுக்கு நீங்கள் தயாரிக்கும் படிவங்களை நாள் முழுக்க நிரப்பித் தருவதுதான் என் பிழைப்பு.

மாவட்டம் கேட்கும் டிராப்டவுனை, அதாவது தொட்டால் விரியும் பட்டியலை, எடுத்துக்கொள்ளுங்கள். 38 மாவட்டங்களில் அகர வரிசைப்படி முதலில் வருவது அரியலூர். பல படிவங்களில் திறக்கும்போதே அதுதான் தேர்வாகி நிற்கிறது. செல்போனில் தானே நிரப்பிவிட்டு, பிரிண்ட் எடுக்க மட்டும் ஓர் ஆச்சி வந்தார்கள். பெயர், பிறந்த தேதி, தெரு எல்லாம் சரி. மாவட்டம் மட்டும் அரியலூர். "அதை நான் தொடவே இல்லையே தம்பி" என்றார்கள். ஏற்கெனவே ஓர் ஊர்ப் பெயர் இருந்ததால், அந்த இடம் நிரம்பிவிட்டது என்று நினைத்துக் கடந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் 'தேர்ந்தெடுக்கவும்' என்று மட்டும் இருந்து, தேர்ந்தெடுக்காமல் சப்மிட் ஆகாது என்றும் வைத்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். விண்ணப்பம் திரும்பி வந்து, மறுபடி அலைய வேண்டியிருந்திருக்காது. தயவுசெய்து பயனருக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம், விடையைத் தேர்ந்தெடுக்கத் தொடும் வட்டமும் சதுரமும். வட்டம் என்றால் ஒன்று மட்டும், சதுரம் என்றால் எத்தனை வேண்டுமானாலும். பழைய கார் ரேடியோவில் ஒரு பட்டனை அமுக்கினால் மற்றது வெளியே வந்துவிடும். வட்டத்துக்கு ரேடியோ பட்டன் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். அழகுக்காகச் சதுரத்தையும் வட்டமாக வரைந்தால், இரண்டு சலுகைகளுக்குத் தகுதியுள்ளவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார். ரேடியோ பட்டனை ஒருமுறை தொட்டுவிட்டால் திரும்ப எடுக்கவும் வழியில்லை. கட்டாயமில்லாத கேள்வி என்றால் 'பொருந்தாது' என்று ஒன்றையும் சேர்த்து வையுங்கள்.

கட்டத்துக்குப் பக்கத்திலுள்ள எழுத்தைத் தொட்டாலும் டிக் விழ வேண்டும். எழுத்தையும் கட்டத்தையும் சேர்க்கும் லேபிள் டேக் என்ற குறியீட்டைச் சரியாக இணைத்தால் போதும். கை நடுங்கும் பெரியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

'தகவல் அனுப்ப வேண்டாமெனில் டிக்கை எடுக்கவும்' என்பது போன்ற வாக்கியங்களை அறவே விடுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் பட்டியலிட்ட 13 ஏமாற்று உத்திகளில், குழப்பும் கேள்வியும் ஒன்று.

அடுத்த படிவத்தை வெளியிடும் முன் ஒரு நாள் என் கடைக்கு வாருங்கள். வருகிறவர்கள் நிரப்புவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நாற்காலி போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
பிரவுசிங் சென்டர்காரர், காரைக்குடி