பல்தர வகுப்பை ஆளணிக் குறையாக மட்டும் பார்க்காதீர்கள்: மட்டக்களப்புக் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சிறிய பாடசாலையில் தரம் 3ஐயும் 4ஐயும் ஒரே அறையில் வைத்துப் பல்தர வகுப்பாகப் படிப்பிக்கிறேன். வாசிப்பிலும் கணிதத்திலும் எங்கள் பிள்ளைகள் ஏன் பின்தங்குகிறார்கள் என்று கேட்டால், ஆசிரியர் போதாது, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆசிரியர் போதாது என்பது உண்மைதான். ஆனால் இருக்கிற ஆசிரியர் கையில் என்ன கொடுத்திருக்கிறோம்?

பாடநூலும் ஆசிரியர் வழிகாட்டியும் ஒரு தரத்துக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. ஒரு தரத்துக்கு நான் விளங்கப்படுத்தும்போது மற்றத் தரம் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். கொப்பியைத் திறந்தால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுதியதை வாசி என்றால் பிள்ளை பேசாமல் நிற்கும்.

வாசிப்பையாவது சமாளிக்கலாம். ஒரே கதையை இரண்டு தரத்துக்கும் கொடுத்து, பெரிய பிள்ளை வாசிக்கச் சின்னப் பிள்ளை சொல்லைத் தேடினால் இருவருக்குமே நல்லது. கணிதம் அப்படி இல்லை, ஒரு படி தவறினால் அடுத்தது ஏறாது. 42இல் 17ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதுகிற பிள்ளைகள் தரம் 4இலும் இருக்கிறார்கள். 7இலிருந்து 2ஐக் கழித்துவிடுகிறார்கள், பத்தை உடைக்கத் தெரியாது. அதைப் பத்துக் குச்சிகள் கொண்ட கட்டு ஒன்றை அவிழ்த்துப் பக்கத்தில் இருந்து காட்ட வேண்டும். அந்த நேரத்தில் மற்றத் தரத்துக்குத் தானாகச் செய்ய ஏதாவது வேண்டும்.

வரவையும் சொல்ல வேண்டும். வேளாண்மை வெட்டு நேரம் தாய் தகப்பனோடு வயலுக்குப் போகிற பிள்ளைகள் உண்டு. மாரியில் கிரான் பக்கம் வீதி வெள்ளத்தில் மூழ்கினால் போக்குவரத்தே படகில்தான். விட்ட இடத்திலிருந்து தொடங்க வழி இல்லாத பிள்ளைக்கு அந்தக் கிழமை போனது போனதுதான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கொலம்பியாவின் கிராமப் பள்ளிகள் 1970களிலேயே பிள்ளை தன் வேகத்தில் படிக்கும் கையேடுகளோடு பல்தர வகுப்பை நடத்தின. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் செயல்வழிக் கற்றல் வந்தது. பாடத்தைப் படிப்படியான அட்டைகளாகப் பிரித்து, பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்து தொடர விட்டார்கள். அதுவும் தமிழில்தான். அவர்களுடைய பாடத்திட்டம் வேறு, அப்படியே எடுக்க முடியாது. முறையை எடுக்கலாம்தானே?

ஆகவே நான் கேட்பது இதுதான். தரம் 3, 4 கணிதத்துக்கு முதலில் சுயகற்றல் அட்டைகள் செய்து தாருங்கள். பல்தர வகுப்புக்கு ஒருவரை அனுப்புமுன் இரண்டு தரத்தை ஒன்றாக நடத்தப் பழக்கி அனுப்புங்கள். அப்படிப் பழகியவரை ஆண்டின் நடுவில் இடமாற்றாதீர்கள்.

கழித்தலுக்கு நானே செய்த அட்டைகள் கொஞ்சம் இருக்கின்றன. ஆசிரிய ஆலோசகர்கள் ஒரு நாள் சொன்னால், சனிக்கிழமையானாலும் சரி, கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆரம்பப் பிரிவு ஆசிரியை